டாக்டர் காருக்கு அபராதச் சீட்டு!

உயிரைக் காக்கப் போனவருக்கு 2 பவுன் தண்டம்

லண்டன் நகரின் மேற்குப் பகுதியில் ஒரு ஓட்டல். அங்கே ஒருவருக்குத் திடீரென்று மாரடைப்பு. டாக்டருக்கு அவசர அழைப்பு போயிற்று. டாக்டர் தம்முடைய "போர்டு பாப்புலர்" காரில் வந்தார். காரை வெளியே விட்டுவிட்டு, உள்ளே போய் நோயாளியைக் கவனித்தார்.

திரும்பி வந்தால், காரில் ஒரு சீட்டு! "காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினீர். 2 பவுன் அபராதம் கட்டும்" என்பது அதன் சாரம். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 26 ரூபாய்.

இது நடந்தது 1960-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, திங்கட்கிழமை. "டிராபிக் வார்டன்" என்ற புதிய உத்தியோகஸ்தர்கள் லண்டன் வீதிகளில் முதன்முதலாக இறங்கிய நாள் அதுதான். அவர்கள் எழுதிய முதல் சீட்டே இந்த டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது!

மந்திரியின் ஏற்பாடு

அப்போது இங்கிலாந்தில் போக்குவரத்து மந்திரியாக இருந்தவர் எர்னஸ்ட் மார்பிள்ஸ். கார்கள் பெருகி, லண்டன் தெருக்கள் திணறிக்கொண்டிருந்தன. 1958-ல் வீதியோரம் மீட்டர்கள் நடப்பட்டன. மணிக்கு 6 பென்ஸ் கட்டணம். தவறு செய்தவர்களை எல்லாம் கோர்ட்டுக்கு இழுப்பதென்றால் போலீசாருக்கு வேறு வேலையே பார்க்க முடியாது. ஆகவே, இடத்திலேயே சீட்டு, நிர்ணயமான அபராதம் என்று சட்டம் வந்தது.

சீட்டு எழுதுகிறவருக்கு ஓட்டலுக்குள் நடப்பது தெரியுமா? அவர் கண்ணில் பட்டது கார் மட்டுமே. ஆனால் பொது ஜனங்கள் கொதித்தார்கள். உயிரைக் காப்பாற்றப் போனவருக்கு அபராதமா என்று கூச்சல் கிளம்பியது. கடைசியில் டாக்டரை விட்டுவிட்டார்கள்.

சில்லறைக்குப் போன பாதிரியார்

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலும் இதே கதைதான். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி ஓக்லஹோமா நகரில் நடப்பட்டது. அதற்கு மூளையாக இருந்தவர் கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர். மணிக்கு 5 சென்ட். அடுத்த மாதமே, மீட்டர் விதியை மீறியதாக முதல் ஆசாமி பிடிபட்டார். அவர் ஒரு பாதிரியார்!

"மீட்டரில் போடச் சில்லறை இல்லை. மளிகைக் கடைக்குச் சில்லறை மாற்றப் போனேன். அதற்குள் சீட்டு வைத்துவிட்டார்கள்" என்பது அவர் வாதம். வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

இப்போது எப்படி?

ஊர் முழுவதும் கூச்சல் போட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்ற நிலை இன்று இல்லை. 1991-ல் வந்த சட்டத்தின் பயனாக, லண்டனில் பெரும்பாலான கார் நிறுத்தத் தவறுகள் கிரிமினல் குற்றக் கணக்கிலிருந்து நீங்கி நகரசபைகளின் கைக்கு வந்தன. பிறகு இங்கிலாந்தின் மற்ற ஊர்களுக்கும் அது பரவியது.

சீட்டு கிடைத்த 14 நாளில் கட்டினால் பாதித் தொகை போதும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாதியோடு போகட்டும் என்று கட்டிவிட்டால் வழக்கு அதோடு முடிந்தது. பிறகு முறையிட இடமில்லை. நியாயம் இருப்பவர் பணம் கட்டாமல், முதலில் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். நகரசபை மறுத்தால், கார் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் வரும். அதற்கு 28 நாளில் பதில் எழுதலாம். அதையும் தள்ளினால், சுதந்திரமான தீர்ப்பாளரிடம் அப்பீல். அதற்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை.

தீர்ப்பாளருக்கும் ஒரு விலங்கு உண்டு. தவறே நடக்கவில்லை, அல்லது சீட்டு செல்லாது என்றால் அவரே ரத்து செய்யலாம். "தவறு நடந்தது உண்மை, ஆனால் மனைவிக்குப் பிரசவ வலி, என்ன செய்வேன்?" என்று ஒருவர் சொன்னால்? இரக்கத்துக்காக மட்டும் அவர் ரத்து செய்ய முடியாது. தக்க காரணம் இருக்கிறது என்று கண்டால், "மறுபடி யோசியுங்கள்" என்று நகரசபைக்குச் சிபாரிசு செய்யலாம். இரக்கம் காட்டும் அதிகாரம் நகரசபையிடமே இருக்கிறது. 35 நாளில் அது பதில் சொல்லாவிட்டால், சிபாரிசை ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

கோபத்தோடு நாலு பக்கம் எழுதுவதைவிட, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று அதிகம் பேசும். தேதியும் மணியும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. பழுதான காரென்றால் மெக்கானிக்கின் ரசீது. மீட்டர் கெட்டுப்போயிருந்தால் அங்கேயே எடுத்த ஒரு படம்.

டாக்டர்களுக்கு லண்டனில் இன்று வேறு வழியும் உண்டு. அவசரமாக நோயாளி வீட்டுக்குப் போகும் டாக்டர்கள், நர்சுகள், மருத்துவச்சிகள் காரில் வைப்பதற்கென்றே தனி அட்டை கொடுக்கிறார்கள்.