மணல் எங்கே போயிற்று?

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? சாலை ஓரமாகக் கருங்கற்கள் குவிந்து கிடக்கும். அலை அவற்றில் மோதிச் சிதறும்.

ஒரு காலத்தில் அங்கே கல் இல்லை, மணல் இருந்தது. குழந்தைகள் ஓடி ஆடினார்கள். அந்த மணல் எங்கே போயிற்று?

வரவு நின்றது!

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வரும். வரவும் செலவும் சரியாகிவிடும்.

1980-களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகம் கட்டினார்கள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் போட்டார்கள். சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை! கரை கரைந்தது.

நகரைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். நகரம் தப்பியது. ஆனால், அரிப்பு வடக்கே இருந்த மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது!

மணல் திரும்பியது

2018-ம் ஆண்டு, தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டம் அது. அலையின் வேகம் தணிந்தது. மணல் தங்கியது. மக்கள் மீண்டும் மணலில் கால் பதித்தார்கள்.

துறைமுகமும் வேண்டும், கரையும் வேண்டும். தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்ப்பது, சுவர் கட்டியவர்களின் கடமை. கடற்கரையைக் காட்டிப் பணம் சம்பாதிக்கும் விடுதிகளும் அந்தச் செலவில் பங்கு ஏற்றால் என்ன?

கரை இருந்தால்தானே விருந்தினர் வருவார்கள்!