பழைய காருக்கு இரண்டாம் கை ஸ்டீயரிங்

சாரல் காலத்துக் குற்றாலத்தில், ஐந்தருவி செல்லும் சாலையில் எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி நின்றுவிட்டு, மீண்டும் காரைச் சாலைக்குத் திருப்புவது எளிய செயல்தான். கார் அம்பாசிடராக இல்லாதவரை. உருளும் சக்கரம் தானாகவே ஓரளவு திரும்பிக்கொள்ளும். நிற்கும் சக்கரத்தைத் திருப்பினாலோ டயரின் ரப்பர் தரையோடு தேய்ந்து முறுக வேண்டும். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காரின் முன்பாரம் முழுவதையும் ஓட்டுநரின் தோள்தான் தாங்குகிறது.

என் தந்தையின் கார் 1974-ஆம் ஆண்டு மாடல். தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபின், தென்காசி வீட்டு முற்றத்தில் அதைத் துடைத்து வைப்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். காரை விற்கவும் மனமில்லை. அதற்குப் பவர் ஸ்டீயரிங் பொருத்த முடியுமா என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

உத்தரபாரா ஆலை 2014 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே உடைத்த கார்களின் பாகங்கள்தான் கதி. சென்னை புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் அதற்குப் பெயர் போனவை.

தேர்வுகள் இரண்டு. ஒன்று, ஆல்டோ, வேகன்-ஆர் போன்ற கார்களில் உள்ள மின்மோட்டார் வகை. விலை குறைவு, எண்ணெய்க் குழாய்த் தொல்லை இல்லை. ஆனால் அந்த மோட்டார் காரின் வேகத்தை அறிந்து தன் உதவியைக் கூட்டிக் குறைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டு காரில் அந்தச் சமிக்ஞை ஏது? சமிக்ஞை கிடைக்காதபோது சில வகைகள் உதவியையே நிறுத்திவிடும். சில, எந்த வேகத்திலும் ஒரே அளவு உதவும். அப்படியானால் நெடுஞ்சாலை வேகத்திலும் ஸ்டீயரிங் காற்றில் சுழல்வதுபோல் இலேசாகிவிடும். புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் இறங்கும்போது அது வசதியல்ல, ஆபத்து. மேலும் முழுமூச்சில் அந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். எங்கள் காரின் பழைய டைனமோ இருபது ஆம்பியரைச் சுற்றியே தரும்.

இன்னொன்று, பிற்கால அம்பாசிடர்கள் சிலவற்றில் வந்த எண்ணெய் அழுத்த வகை. இஞ்சின் பெல்ட்டால் ஓடும் பம்ப், எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங் ரேக்குக்கு அனுப்புகிறது. நாம் திருப்பும் திசைக்கேற்ப ஒரு வால்வு அந்த அழுத்தத்தைப் பகிர்கிறது. பெல்ட் அறுந்தாலும் ஸ்டீயரிங் அறுவதில்லை, கனமாகிவிடும், அவ்வளவே. இதையே தேர்ந்தோம்.

முதலில் வாங்கிய ரேக் இரண்டே வாரத்தில் எண்ணெய் கசிந்தது. சீலை மாற்றியும் பயனில்லை. எங்கள் மெக்கானிக் அதன் ரப்பர் உறையைக் கழற்றி, உள்தண்டின் மேல் என் விரலை வைத்துத் தேய்க்கச் சொன்னார். அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள். "புது சீல் போட்டாலும் இந்தக் குழி அதைக் கிழிச்சிரும் அண்ணாச்சி" என்றார். வாங்கும்போதே உறையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். அந்த விரல் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அவரிடம் கற்ற மற்றவை: பம்பின் அச்சைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. அழுத்தம் தாங்கும் ரப்பர் குழாயை ஒருபோதும் பழையதாக வாங்கக்கூடாது. ஸ்டீயரிங் தண்டிலோ டை ராடிலோ வெல்டிங் வைக்கவே கூடாது. நீளம் போதவில்லையென்றால் பொருந்தும் வேறு பாகத்தைத் தேடிக் காத்திருக்க வேண்டும். நாங்கள் ஐந்து மாதம் காத்திருந்தோம்.

சட்டத்தின் நிலை இதைவிடச் சிக்கலானது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்கீழ் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பதிவுச் சான்றில் ஸ்டீயரிங் பற்றிய விவரமே இல்லை. ஆயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பதே முறை. ஐம்பது ஆண்டு கடந்த கார்களை 'விண்டேஜ்' எனத் தனியாகப் பதிய 2021-இல் விதி வந்தது. அதற்கு அடிச்சட்டமும் கூடும் இஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும். பதிந்தபின் அன்றாடப் பயணத்துக்கு ஓட்டவும் கூடாது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போக விரும்புகிறவருக்கு அந்தக் கௌரவம் எதற்கு?

எனக்குள்ள குறை வேறு. உடைக்கப்படும் வாகனத்துக்கு இன்று அரசுச் சான்று உண்டு. அதிலிருந்து கழற்றிய பாகத்துக்கு எனக்குக் கிடைத்ததோ விலை எழுதிய துண்டுச்சீட்டு மட்டுமே. அது விபத்துக்குள்ளான காரிலிருந்து வந்ததா, வெள்ளத்தில் மூழ்கியதிலிருந்தா என்று யாரும் சொல்லவில்லை. உயிரைத் தாங்கும் பாகத்துக்கேனும் எந்த வாகனத்திலிருந்து வந்தது என்ற குறிப்பைக் கட்டாயமாக்குவது அரசுக்குப் பெரிய வேலையல்ல.

இரண்டாவது ரேக்கை உடலில் எங்கும் வெட்டாமல், ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே தாங்கி அமைத்துப் பொருத்தினோம். முதல் நாள் தந்தை பழைய பழக்கத்தில் வேகமாகத் திருப்ப, கார் வேலியோரம் போய் நின்றது. இப்போது இரண்டு விரலால் திருப்புகிறார். கழற்றிய மூல ரேக், கிரீஸ் பூசிய சாக்கில் சுற்றி, போல்ட்டுகளோடு பரணில் இருக்கிறது.