ஊரார் முடிவு

குடியாட்சியின் உயிர் தலைநகரில் மட்டும் தங்கியிருப்பதன்று. நகரமன்றத்திலும் ஊர்மன்றத்திலும் அது வாழ்கின்றது. பேரரசுகள் இயற்றும் சட்டமும் இறுதியில் ஏதேனும் ஒரு தெருவிலேதான் நடைமுறைக்கு வருகின்றது. அத்தெருவில் வாழ்வோர்க்கு அச்சட்டத்தை மறுக்கும் உரிமை உண்டா? உண்டெனில் அதன் எல்லை யாது? இவ்வினாக்களுக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கொலராடோ மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு வரலாறு விடை தருகின்றது.

கஞ்சா மயக்கந்தரும் பொருள். நினைவாற்றலையும் கவனத்தையும் குறைப்பது. மனித மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ச்சியுறுவதால், இளையோர்க்கு அதனால் விளையும் தீங்கு மிகுதி என்பர் மருத்துவர். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு இயற்றிய சட்டம் அதனைக் கடுமையாகத் தடை செய்தது. ஆயினும், தடையால் கள்ள வாணிகம் ஒழியவில்லை என்று பலர் வாதாடினர். வயது வந்தோர்க்கு மட்டும், அரசின் கண்காணிப்பில் விற்று, வரி பெறுவதே தக்கது என்பது அவர்கள் கொள்கை.

2012-ஆம் ஆண்டு நவம்பரில் கொலராடோ மக்கள் இதுபற்றி வாக்களித்தனர். ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பரும், தலைநகரான டென்வரின் மேயர் மைக்கேல் ஹான்காக்கும் இம்மாற்றத்தை எதிர்த்தனர். எனினும், நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் ஆதரிக்கவே, மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டது. ஆளுநர் மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கி, விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டங்களில் 2013-இல் கையொப்பமிட்டார்.

அத்திருத்தம் இரண்டு உரிமைகளை வகுத்தது. முதலாவது, தனி மனிதனின் உரிமை. 21 வயது நிரம்பியவர் ஓர் அவுன்சு, அஃதாவது ஏறத்தாழ 28 கிராம், கஞ்சா வைத்திருக்கலாம் என அது அன்று வரையறுத்தது. இரண்டாவது, ஊரின் உரிமை. தன் எல்லைக்குள் கஞ்சாக் கடைகள் கூடா என எந்த நகரமும் மாவட்டமும் விதி செய்யலாம். ஆகவே, கடையின் கதவை ஊர் அடைக்கலாம். ஆனால், மாநிலச் சட்டம் இசைந்த அளவை வைத்திருப்பவரை அது தண்டித்தல் இயலாது.

இவ்வுரிமையைப் பயன்படுத்திய ஊர்களுள் பெரியது கொலராடோ ஸ்பிரிங்ஸ். பைக்ஸ் சிகரத்தின் அடியில் அமைந்த அந்நகரில் ஏறத்தாழ 4,80,000 மக்கள் வாழ்கின்றனர். விமானப்படைக் கல்லூரியும் படைத்தளங்களும் அதனை அடுத்துள்ளன. படைவீரர் கூட்டாட்சிச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர். அவர்கள் நடுவே இவ்வாணிகம் நடைபெறுவது முறையன்று என்றும், படைத்தளங்களை நம்பி வாழும் நகரின் நலம் குன்றும் என்றும், சிறுவர் கெடுவர் என்றும் சிலர் அஞ்சினர். வரி வருவாய் பெருகும். கள்ள விற்பனை குறையும் என்று வேறு சிலர் கூறினர். 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நகரமன்றம் கூடி ஆராய்ந்தது. ஐவர் தடையை ஆதரித்தனர், நால்வர் எதிர்த்தனர். ஒரே ஒரு வாக்கால் நகரின் போக்கு முடிவாயிற்று! முன்னரே அங்கிருந்த மருத்துவக் கஞ்சாக் கடைகள் மட்டும் தொடர்ந்து நடைபெற்றன.

ஆனால், ஊரெல்லை என்பது மதிலன்று. சில மைல் தொலைவிலுள்ள மானிட்டூ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூர், ஏறத்தாழ 5,000 மக்களே வாழ்வது, 2014-இல் கடைக்கு இடந்தந்தது. பெருநகரத்தார் அங்குச் சென்று வாங்கினர். அவர்கள் செலுத்திய வரி அச்சிற்றூரின் கருவூலத்தில் சேர்ந்தது. தீமையைத் தடுத்தோம் என்று ஒரு சாராரும், தீமையைத் தடுக்காமல் வருவாயை மட்டுமே இழந்தோம் என்று மற்றொரு சாராரும் பல்லாண்டுகள் வாதிட்டனர்.

2024 நவம்பரில் நகர மக்களே வாக்களித்து, மருத்துவக் கஞ்சாக் கடைகள் வயது வந்த பிறர்க்கும் விற்கலாம் என முடிவு செய்தனர். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அம்முடிவை நீக்குவதா என்னும் வினாவை ஏப்ரல் மாதத் தேர்தலில் மக்கள்முன் வைக்க நகரமன்றம் முனைந்தது. தடை கோரும் வினாவை இரட்டைப்படை ஆண்டின் பொதுத் தேர்தலிலேயே எழுப்புதல் வேண்டும் என்பது திருத்தத்தின் விதி. ஆதலின், நீதிமன்றம் அம்முயற்சியை ஏற்கவில்லை. அவ்வாண்டே விற்பனை தொடங்கியது.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவன யாவை? மாநிலம் ஒன்றை இசைந்தது என்பதனாலேயே ஊர் அதனை வரவேற்றல் வேண்டும் என்பதில்லை. தன் தெருக்களின் நலத்தை அவ்வூரே நன்கறியும். ஆயினும், நகரமன்றத்தின் உரிமை மக்கள் தந்தது. மக்கள் மாற்றிச் சொல்லின் அது விட்டுக்கொடுத்தல் வேண்டும். எதிர்ப்போரும் ஆதரிப்போரும் சட்டத்தின் வழியே நடந்தமையால், பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட பூசல் வாக்குச்சீட்டால் தீர்வு கண்டது.

மற்றுமொன்று கருதத்தக்கது. சட்டம் இசைந்த பொருளெல்லாம் நன்மை தருவன அல்ல. கடையைத் திறப்பதும் அடைப்பதும் ஊரார் கையில் உள்ளன. அதன் வாயிலை மிதியாதிருப்பது ஒவ்வொருவர் உள்ளத்திலும் உள்ளது. ஊருக்கு மன்றம் காவல். மனிதனுக்கு அவன் அறிவே காவல்.