நாள் தள்ளுமுன்னே நடக்கும் வேலை

ஒரே உயிரணுவிலிருந்து இரத்தம், இருதயம், மூளை எல்லாம் எப்படி உண்டாகின்றன? 2019-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், ஆறரை நாள் முதல் எட்டரை நாள் வரையிலான சுண்டெலிக் கருக்களில் 116,312 உயிரணுக்களைத் தனித்தனியாகச் சோதித்து, எது எதுவாக மாறுகிறது என்று வரைபடம் போட்டார்கள். அந்த இரண்டு நாள் கணக்கிலேயே 37 முக்கிய வகைகள் தெரிந்தன!

மனிதக் கருவில் இந்த வேலை மூன்றாம் வாரத்தில் சூடுபிடிக்கிறது. மூளையும் முதுகுத்தண்டு நரம்பும் ஆகப்போகும் குழாய், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பிள்ளைக்கு ஊனம் வரலாம். "நாள்தானே தள்ளிப்போச்சு, பார்ப்போம்" என்று இரண்டு வாரம் இருந்துவிட்டால் காலம் கடந்துவிடும். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடத் தொடங்குங்கள். கிளினிக்கில் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.