குழாயில் வந்த மின்சாரம்

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் அளிக்கும் மதிப்பீட்டுப் பட்டியல்களை வரிவரியாகப் படிப்பது எங்கள் அலுவல். குளியலறைக்கென்றே தனிப் பக்கம் இருக்கும்: தரை ஓடுகள், பளபளக்கும் குழாய்கள், புதிய கீசர், துருப்பிடித்த இரும்புக் குழாய்களுக்குப் பதிலாக பிளாஸ்டிக் குழாய்கள். எர்த் கம்பிக்கென்று ஒரு வரியை அங்கே அரிதாகவே கண்டிருக்கிறோம். பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் எங்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஆயினும் விடுபடும் அந்த ஒரு வரியைப் பற்றி எழுத எங்களுக்குச் சொந்தக் காரணம் உண்டு.

மும்பைப் புறநகரில், பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். மழைக்காலக் காலை ஒன்றில் குளியலறைக் குழாயைத் திருகியபோது விரல்களில் சுரீரென்றது. கீசரை அணைத்தோம். பின்னர் வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்தோம். அதன் பிறகும் மின்பணியாளரின் கருவி குழாயில் மின்னழுத்தம் இருப்பதைக் காட்டியது. அவர் எங்கள் வீட்டை விட்டுவிட்டு மேல் தளத்துக்கு ஏறினார். அங்கே ஒரு கீசரின் சூடேற்றும் கம்பி பழுதாகி, அதன் உலோக உறையில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கீசரின் எர்த் கம்பி தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

குழாயில் கட்டினாலும் மண்ணுக்குத்தானே போகும் என்று வீட்டுக்காரப் பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு காலத்து நியாயம் இருந்தது. இரும்புக் குழாய்த் தொடர் கீழே மண்ணில் புதைந்திருந்தவரை கசிந்த மின்சாரம் ஏதோ ஒருவாறு நிலத்தை அடைந்தது. சில மாதங்களுக்கு முன்னர், ஒழுகிய கீழ்ப்பகுதியைச் சங்கத்தார் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டனர். அன்றே அந்த வழி அறுந்தது. எஞ்சிய இரும்புக் குழாய் நிலத்தோடு தொடர்பின்றி, எல்லா வீட்டுக் குளியலறைகளுக்கும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பியாகிவிட்டது. தண்ணீர்க் குழாயை நில இணைப்பாகப் பயன்படுத்தலாகாது என்பது இதனால்தான்.

முறையான எர்த் கம்பி, பச்சை அல்லது பச்சை மஞ்சள் உறையுடன், மூன்று முனைச் செருகியின் நீண்ட தடித்த முனையிலிருந்து கட்டடத்தின் முதன்மை எர்த் முனைக்கும், அங்கிருந்து எர்த் குழிக்கும் செல்ல வேண்டும். கசிவு ஏற்பட்டால் மின்சாரம் மனித உடலைத் தேடாமல் அவ்வழியே ஓடும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். 230 வோல்ட்டில் ஈரமான உடலின் வழியே பாய்வது பெரும்பாலும் ஓர் ஆம்பியருக்கும் மிகக் குறைவு. உயிரைப் பறிக்க அது போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை உணராது. உணர்வது ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான். போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் அது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்னரோ எட்டியதுமோ இணைப்பைத் துண்டிக்கிறது. வரவு செலவு பொருந்தாவிட்டால் கணக்கை நிறுத்திவைக்கும் காசாளரைப் போன்றது என்று எங்கள் தொழில் மொழியில் சொல்லலாம். ஆனால் அது பார்ப்பது அந்த வீட்டின் கணக்கை மட்டுமே. மேல்வீட்டு மின்சாரம் குழாய் வழியே உங்கள் கைக்கு வந்தால் உங்கள் ஆர்.சி.சி.பி. அசையாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது விழுந்தால் அந்தக் கருவி இயங்குகிறது என்றே பொருள். எர்த் இணைப்பு இருப்பதற்கு அது சான்றாகாது.

ஆகவே அடுக்குமாடியில் இன்னொரு வேலையும் தேவைப்படுகிறது. எஞ்சியுள்ள உலோகக் குழாய்களைத் தாமிரக் கம்பியால் முதன்மை எர்த் முனையோடு பிணைக்க வேண்டும். குழாயில் எர்த் கம்பியைக் கட்டுவதும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும், நோக்கமோ நேர்மாறானது. முன்னதில் குழாயின் மேல் சுமை ஏற்றப்படுகிறது. பின்னதில் குழாய்க்குக் காப்பு அளிக்கப்படுகிறது. கை தொடும் குழாய்க்கும் அருகிலுள்ள பிற உலோகங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகாதபடி இப்பிணைப்பு காக்கிறது. ஒற்றைக் கம்பியில் அமரும் காக்கை பிழைத்துக்கொள்வதும் மின்னழுத்த வேறுபாடு இல்லாமையால்தான். முழுவதும் பிளாஸ்டிக்காக மாற்றப்பட்ட வீட்டில் குழாய்களுக்குப் பிணைப்பு வேண்டியதில்லை. கீசருக்கு எர்த் கட்டாயம் வேண்டும். பாதி இரும்பும் பாதி பிளாஸ்டிக்குமாக உள்ள வீடுகளே எங்களுக்குக் கவலையளிக்கின்றன.

எர்த் குழியும் கவனத்துக்குரியது. நில இணைப்புக்கான ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தர நெறிமுறை, குழாய் மின்முனைக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் கேட்கிறது. பல வளாகங்களில் அந்தக் குழியின் மூடி வாகன நிறுத்தத்தின் ஓடுகளுக்கு அடியில் மறைந்துபோயிருக்கிறது. கோடையில் தண்ணீர் ஊற்றுவாரில்லை. தடையை அளந்து குறிப்பாருமில்லை. வண்ணப்பூச்சுக்கு நிதி திரட்டும் சங்கங்கள் இந்த அளவீட்டுக்கும் ஒரு தீர்மானம் போடலாம்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆர்.சி.சி.பி.யும் தனி எர்த் கம்பியும் வந்தன. இரும்புக் குழாய்கள் பிணைக்கப்பட்டன. பெரியவரே எல்லா வீடுகளுக்கும் சென்று கையொப்பம் வாங்கினார்.

மின்கம்பிப் பணிகளும் வீட்டுப் புதுப்பிப்புக் கடனில் அடங்கும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீடு பெற்று, கீசருக்கு மேலேயோ கீழேயோ அந்த ஒரு வரியையும் சேர்த்துக் கிளைக்குக் கொண்டுவாருங்கள்.