மோட்டார் ஏன் எரிகிறது?

பெங்களூரில் பீன்யா என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே சிறிய லேத் பட்டறைகள் நிறைய உண்டு. ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் இப்படிப் பட்டறைகள் பல. எந்த ஊர்ப் பட்டறையிலும் மோட்டார் எரிந்த கதை ஒன்று இருக்கும். எரிந்தால் செம்புக் கம்பியை மறுபடி சுற்ற வேண்டும். அதுவரை வேலை நிற்கும். கூலியும் நிற்கும்.

மின்னழுத்தம் கூடினால்தான் மோட்டார் எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்தாலும் எரியும்! மூன்று ஃபேஸ் மின்சாரத்தின் அழுத்தம் சுமார் 415 வோல்ட். அது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மோட்டாரின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் சீவ வேண்டிய இரும்பு குறையவில்லையே. அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் கரண்டை இழுக்கும். கம்பி சூடேறி, அதன் மேல்பூச்சு கருகும்.

மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் ஆபத்து இன்னும் அதிகம். ஓடுகிற மோட்டார் நிற்காது. உறுமிக்கொண்டே ஓடிச் சூடாகும். நின்றிருந்த மோட்டாராக இருந்தால் சுற்றாமல் முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் அணைத்துவிட வேண்டும். ஒரு ஃபேஸ் போனால் தானே நிறுத்தும் கருவியும் கடையில் கிடைக்கிறது.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இரண்டு காவல்கள் உள்ளன. கரண்ட் போனால் ஒன்று ஸ்டார்ட்டரை விடுவித்துவிடும். திரும்ப வந்ததும் இயந்திரம் தானாக ஓடாது. லேத்தில் கை வைத்திருப்பவருக்கு இது உயிர்க் காவல். மற்றொன்று ஓவர்லோடு ரிலே. சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும். மோட்டாரின் தகட்டைப் பார்த்து எலக்ட்ரீசியன் அதன் அளவை வைப்பார்.

அடிக்கடி நிற்கிறதே என்று சிலர் ஸ்டார்ட்டரில் குச்சியைச் செருகுகிறார்கள். ஃபியூஸில் தடித்த கம்பியைப் போடுகிறார்கள். காவல்காரன் கையைக் கட்டிவிட்டுத் திருடனைக் குறை சொன்னால் எப்படி?

இடி மின்னலின்போது மின்னழுத்தம் கண் இமைக்கும் நேரத்தில் பல மடங்கு எகிறும். ஸ்டெபிலைசரால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. அதற்குச் சர்ஜ் காப்புக் கருவி வேண்டும். அது அந்த வெள்ளத்தை எர்த் கம்பி வழியாக மண்ணில் இறக்கும். எர்த் சரியில்லை என்றால் அது சுவரில் தொங்கும் வெறும் பெட்டி.

கரண்ட் போனதும் எல்லா இயந்திரங்களையும் அணைத்துவிட வேண்டும். வந்த பிறகு வோல்ட் மீட்டர் முள் நிலையாக நிற்கிறதா, மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக ஓட்டலாம்.