மயக்க வாயு எங்கே போகிறது?

ஆய்வுக்கூடத்தில் எலிக்கு மயக்கமூட்டுகிறார்கள். அறுவை முடிந்ததும் எலி விழித்துக்கொள்கிறது. அதனை உறங்க வைத்த வாயு எங்கே போயிற்று? விலங்கியல் மாணவியாகிய நான் இக்கேள்வியோடு நூல்களைப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

இன்று பெரிதும் கையாளப்படும் ஐசோஃப்ளுரேனில் ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கே உடலில் சிதைகிறது. எஞ்சியது மூச்சோடு வெளியேறி, அருகில் குனிந்து நிற்பவரின் நாசியை அடைகிறது.

1889-இல் ஹைதராபாத்தில், நிஜாமின் பொருளுதவியுடன் எட்வர்டு லாரி நடத்திய குளோரோஃபார்ம் ஆணைக்குழு, நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்தது. முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்பதே அதன் கேள்வி. சோதிப்பவரின் மூச்சைப் பற்றிய கவலை வெகு காலம் கழித்தே வந்தது. 1967-இல் சோவியத் நாட்டில் வைஸ்மன் என்பார், மயக்க மருத்துவப் பெண்களின் 31 கருவுறுதல்களில் 18 கலைந்தன என வெளியிட்டார். பிந்தைய ஆய்வுகள் இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை. ஆயினும் அலட்சியத்திற்கு இடமில்லை. 1977-இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஹாலோத்தேன் போன்றவை காற்றின் பத்து லட்சம் பங்கில் 2 பங்குக்கு மிகலாகாது என்றது.

'வாசனை வந்தால் விலகிக்கொள்ளலாமே' என்பீர்கள். நம் மூக்கு உணர்வதற்குள் அந்த அளவு பன்மடங்கு தாண்டியிருக்கும்!

ஆகவே வாயுவுக்கு வழி வேண்டும். காற்றை வெளியே தள்ளும் புகைபோக்கிக் கூண்டு நல்லது; வடிகட்டிய காற்றை அறைக்கே திருப்பும் மேசை பயனற்றது, வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும். எலியை மயக்கும் பெட்டியைத் திறக்குமுன் ஆக்சிஜன் செலுத்தி, உள்ளிருப்பதைக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும்.

குழாய் வசதியற்ற இடத்தில் கரி அடைத்த டப்பா உதவும். வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அதன் எடை கூடும். பொதுவாக 50 கிராம் கூடியதும் மாற்றிவிட வேண்டும். பட்டு நூலை எடை போட்டு வாங்கி, சேலையையும் எடை போட்டே கொடுக்கும் ஆரணிக்காரருக்கு இது புதிதன்று. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடைக் கரி பிடிக்காது, அதற்குக் குழாய்தான்.

எலி, தவளை அறுக்கும் வழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலக்கியதால் நம் வகுப்பறைக்கு இக்கவலை இல்லை. எனினும் ஆராய்ச்சி உதவியாளராக வேலூருக்கோ சென்னைக்கோ செல்லவிருக்கும் தோழியருக்கு உண்டு. சேரும் நாளிலேயே, அந்தக் குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது என்று கேளுங்கள். சன்னலோரமாகவே திறந்து, வாயு மீண்டும் உள்ளே வருவதும் உண்டு.